கம்பெனியைக் கூறு போட முடியுமா? பண்ருட்டி முந்திரிக் குடும்பம் ஒன்றின் சொத்துக் கோப்பு

இது ஒரே குடும்பத்தின் கதை அல்ல. பண்ருட்டி வட்டாரத்துக் கோப்புகள் சிலவற்றை ஒன்றாகச் சேர்த்து, ஆள் அடையாளம் தெரியாதபடி எழுதியிருக்கிறேன். சட்டமும் தீர்ப்புகளும் உள்ளபடியே இருக்கின்றன.

பெரியவர் 2021 ஐப்பசியில் மாரடைப்பில் போனார். வயது 68. கடம்புலியூர் பக்கம் மூன்று காணி தோப்பு, ஏறக்குறைய நான்கு ஏக்கர். முந்திரி, ஊடே பலா. ரோட்டை ஒட்டி 30 சென்ட் மனையில் முந்திரி கம்பெனி: வறுக்கும் கொட்டகை, கொட்டை உடைக்கும் பெண்கள் உட்காரும் நீளமான ஷெட், தரம் பிரிக்கும் அறை, குடோன். இது போக, மகளைக் கட்டிக்கொடுத்த பாகூரில் ஒரு காலி மனை. அதாவது சொத்தில் ஒரு துண்டு புதுச்சேரியில். வீடு நத்தத்தில், மனைவி பேரில் பட்டா.

பிள்ளைகள் மூன்று பேர். பெரியவன் நெய்வேலியில் வேலை பார்க்கிறான். நடுவில் மகள், 2003-ல் கல்யாணம். சின்னவன் சென்னையில் வேலையில் இருந்தவன். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் தோப்பைச் சாய்த்த பிறகு ஊரோடு வந்துவிட்டான். வி.ஆர்.ஐ.-3 ரக முந்திரி ஒட்டுக் கன்று வாங்கி நட்டதும், தோப்பு காய்ப்புக்கு வரும் வரை கம்பெனியை இறக்குமதிக் கொட்டை வாங்கி ஓட்டியதும் அவன்தான். தூத்துக்குடியில் இறங்கும் ஆப்பிரிக்கக் கொட்டையை லோடு கணக்கில் எடுக்கிற தொழில், வங்கிக் கடன் இல்லாமல் நடக்காது. அந்தக் கடன், ஜி.எஸ்.டி. பதிவு, கரண்ட் அக்கவுண்ட், மின் இணைப்பு எல்லாமே அப்பா பேரில் இருந்தன. ஊரில் எல்லோரும் 'சின்னவரு கம்பெனி' என்றுதான் சொன்னார்கள். ஒரு காகிதத்திலும் சின்னவன் பேர் கிடையாது.

இந்தக் கோப்பில் எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. நிலத்தை அளந்து கல் நட்டுப் பிரிக்கலாம். கம்பெனியை அப்படிப் பிரிக்க முடியாது. ஆனால் எதுவும் முறையாக எழுதி வைக்காமல் ஒருவர் இறந்தால், சட்டம் இரண்டையும் ஒரே மாதிரிதான் பங்கு போடும்.

ஒரு கையெழுத்து குறைந்த உயில்

பெரியவர் எழுதவே இல்லை என்றும் சொல்ல முடியாது. காரியம் முடிந்து கணக்கு நோட்டுகளை ஒழுங்கு பண்ணும்போது, 2018 ஆயுத பூஜை அன்று புதுக்கணக்கு போட்ட நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் கைப்பட எழுதிய எட்டு வரி கிடைத்தது. 'என் காலத்துக்குப் பிறகு கம்பெனியும் மனையும் சின்னவனுக்கு. தோப்பு மற்ற இரண்டு பேருக்கும். அம்மாவைச் சின்னவன் பார்த்துக்கொள்ள வேண்டியது.' கீழே கையெழுத்து, தேதி. பக்கத்தில் கணக்குப்பிள்ளையின் சாட்சிக் கையெழுத்து.

முத்திரைத்தாள் இல்லை, பதிவு செய்யவில்லை என்பதெல்லாம் குறையே இல்லை. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயம் இல்லை. கடலூர் மாவட்டத்தில் இருக்கிற சொத்துக்கு, இங்கேயே எழுதிய உயிலுக்கு, கோர்ட்டில் மெய்ப்பித்தல் (புரோபேட்) வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, சாட்சிகள் குறைந்தது இரண்டு பேர் வேண்டும் என்கிறது. எழுதியவர் கையெழுத்துப் போட்டதை இரண்டு பேரும் பார்த்திருக்க வேண்டும், அல்லது 'இது என் கையெழுத்துதான்' என்று அவர் வாயால் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் முன்னிலையில் அவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். இங்கே ஒருவர்தான். அன்றைக்குக் கம்பெனியில் பூஜைக்கு வந்து பொரியும் கடலையும் வாங்கிப் போனவர்களில் யாராவது ஒருவரைக் கூப்பிட்டிருந்தால் போதும். எட்டு வரியும் அப்படியே நின்றிருக்கும்.

நிற்காது என்று சொன்னதும் சின்னவன் வெகுநேரம் பேசவில்லை. பெரியவன் அந்தத் தாளை ஒப்புக்கொள்ளவும் இல்லை, அப்பா எழுத்து இல்லை என்று சொல்லவும் இல்லை. "சட்டப்படி என்னவோ அப்படி" என்றான். உடன்பிறந்தவர்களுக்குள் இந்த வாசகம் வந்துவிட்டால் செலவு ஆரம்பம் என்று அர்த்தம்.

திண்ணையில் இருந்த வாரிசு

வாரிசுச் சான்றுக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும் என்று நான்கு பேரை எழுதி மனு போட்டார்கள். விசாரணைக்கு வந்த வி.ஏ.ஓ., திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த கிழவியைப் பார்த்து, "பாட்டி யாரு?" என்று கேட்டார். இறந்தவரின் அம்மா. வயது 90-க்கு மேல்.

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், உயில் எழுதாமல் இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் மகன், மகள், மனைவியோடு தாயும் உண்டு. தகப்பன் அந்த வகுப்பில் இல்லை. இது நம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'வயசான அம்மாவுக்கு எதுக்குப் பங்கு, அவங்களே பிள்ளை நிழல்ல இருக்காங்க' என்று தோன்றும். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ஆக ஐந்து வாரிசுகள், ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு.

வாரிசுச் சான்று பற்றியும் ஒரு வார்த்தை. தாசில்தார் தரும் அந்தச் சான்று யார் யார் வாரிசு என்று மட்டும் சொல்லும். யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது, சொத்தைக் கை மாற்றியும் தராது. அதை வைத்துக் கூட்டுப் பட்டா வாங்கலாம். பட்டா வந்தாலும் உரிமை தீர்ந்துவிட்டதாக நினைக்கக் கூடாது.

அந்த நேரத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. பாட்டிக்கு நினைவு நன்றாக இருந்தது. பேரப்பிள்ளைகள் மேல் உயிர். அவர் பங்கை அவர் விரும்பியபடி ஒரு உயிலாகவோ, உயிரோடு இருக்கும்போதே கை மாற்றித் தரும் செட்டில்மெண்டாகவோ எழுதி வாங்கியிருக்கலாம். நடக்க முடியாது என்றால், தக்க காரணம் காட்டிக் கேட்டால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யப் பதிவுச் சட்டத்தில் இடம் உண்டு. யாரும் அதை நினைக்கவில்லை. அண்ணன் தம்பி மனஸ்தாபத்தில் மாதங்கள் ஓடின. 2022-ல் பாட்டியும் போய்விட்டார்.

அப்புறம்தான் கணக்கு விபரீதமானது. பெண் உயில் இல்லாமல் இறந்தால் அவர் சொத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி முதலில் அவருடைய மகன், மகள், கணவன் ஆகியோருக்குப் போகும். முன்பே இறந்த மகன், மகளின் பிள்ளைகளும் அதில் சேர்த்தி. மருமகள் கிடையாது. பாட்டிக்கு நம் பெரியவர் போக இன்னொரு மகனும் ஒரு மகளும் உயிரோடு இருந்தார்கள். ஆகவே பாட்டியின் ஐந்தில் ஒரு பங்கு மூன்று கிளையாகப் பிரிந்தது: சித்தப்பாவுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று, பெரியவரின் மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒன்று.

மொத்தச் சொத்தை 45 பாகமாக வைத்துக்கொண்டால், பெரியவரின் மனைவிக்கு, அதாவது பிள்ளைகளின் அம்மாவுக்கு 9, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 10, சித்தப்பாவுக்கு 3, அத்தைக்கு 3. தோப்பில் மட்டுமா? வறுக்கும் டிரம்மிலும், குடோனில் கிடக்கும் மூட்டையிலும், பாகூர் மனையிலும் இதே கணக்குதான். கம்பெனிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத இரண்டு பேருடைய கையெழுத்து இல்லாமல் இனி வங்கியில் ஒரு காகிதம் நகராது.

'தாத்தா சொத்து' என்ற வாதம்

பெரியவன் ஒரு வக்கீல் நோட்டீஸோடு வந்தான். தோப்பு தாத்தா சொத்து, பூர்வீகம், எனக்குப் பிறப்பிலேயே பங்கு, என் பையனுக்கும் உண்டு என்றான். இந்தப் பேச்சை டீக்கடை பெஞ்ச் எல்லாவற்றிலும் கேட்கலாம். தாத்தாவிடமிருந்து வந்ததெல்லாம் பூர்வீகம் ஆகிவிடாது.

ஈ.சி. (வில்லங்கச் சான்று) போட்டு மூலப் பத்திரம் எடுத்துப் பார்த்தோம். தாத்தா அந்த நிலத்தைத் தன் சம்பாத்தியத்தில் கிரயம் வாங்கியிருக்கிறார். 1987-ல் நம் பெரியவருக்கு அதைப் பதிவு செய்த செட்டில்மெண்ட் பத்திரமாக எழுதிக் கொடுத்திருக்கிறார். பத்திரத்தில் 'நீயே சர்வ சுதந்திரமாய், தானாதி விநியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று இருக்கிறது. தகப்பன் தன் சுய சம்பாத்தியத்தை மகனுக்குத் தானமாகக் கொடுத்தால், அது தானாகவே பேரன்களுக்குப் பாத்தியப்பட்ட பூர்வீகச் சொத்தாகாது, கொடுத்தவர் என்ன எண்ணத்தோடு கொடுத்தார் என்று பத்திரத்தைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1953-லேயே சொல்லிவிட்டது. அந்த வழக்கே தமிழ்க் குடும்பம் ஒன்றின் வழக்குதான். பழைய பத்திரங்களில் வரும் அந்த 'சர்வ சுதந்திரமாய்' சும்மா அலங்காரத்துக்கு எழுதியது என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கே தோப்பு யாருடையது என்பதைத் தீர்மானித்ததே அந்த வரிதான்.

சரி, பூர்வீகம் என்றே வைத்துக்கொள்வோம் என்று இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டினேன். பூர்வீகமானால் தங்கைக்குப் பங்கு கிடையாது என்றுதான் பெரியவன் நம்பிக்கொண்டிருந்தான். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-ஆம் தேதி கல்யாணமாகாமல் இருந்த பெண்களுக்கு மாநிலத் திருத்தமே கூட்டுப் பங்குரிமை, அதாவது பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே பிறப்பால் வரும் பங்கு, கொடுத்துவிட்டது. இந்தத் தங்கைக்குக் கல்யாணம் ஆனது 2003-ல். 1989-ல் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கும், திருத்தம் இல்லாத புதுச்சேரிப் பெண்களுக்கும், 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் அதைக் கொடுத்தது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று முடித்துவிட்டது. ஆக, பூர்வீகமானால் பெரியவருக்கும் பிள்ளைகள் மூவருக்கும் நாலில் ஒன்று. பெரியவரின் அந்த நாலில் ஒன்று மட்டும் ஐந்தாகப் பிரியும். பிள்ளைகளுக்கு ஆளுக்குக் கொஞ்சம் கூடும். அம்மாவின் பங்கோ தோப்பில் ஐந்தில் ஒன்றிலிருந்து இருபதில் ஒன்றாகச் சுருங்கும்.

"அப்ப நான் கேஸ் போட்டா அம்மா பங்கைத்தான் புடுங்குறேனா?" என்றான். ஆமாம் என்றேன். அந்த நோட்டீஸ் அதோடு நின்றது.

மகள் கேட்டது

பதினாறாம் நாள் காரியத்தன்றே மகளிடம் ஒரு முத்திரைத்தாளை நீட்டியிருக்கிறார்கள். சீர் எல்லாம் பெற்றுக்கொண்டேன், சொத்தில் எனக்குப் பாத்தியம் இல்லை என்று எழுதியிருந்தது. அழுகையோடு அழுகையாகக் கையெழுத்தும் போட்டுவிட்டார். அந்தத் தாளுக்கு மதிப்பு இல்லை. நூறு ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள அசையாச் சொத்தில் உரிமையை விடுவதென்றால் விடுதலைப் பத்திரம் பதிவாக வேண்டும். நோட்டரி முத்திரை அதற்கு ஈடாகாது. சீரும் நகையும் போட்டதைச் சட்டம் பங்கில் கழிக்காது.

ஆனால் மகள் சொன்னதையும் எழுத வேண்டும். "கேட்டிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பேன். பந்தலைப் பிரிக்கறதுக்கு முன்னால பேப்பரை நீட்டினாங்க." இதற்குச் சட்டப் பதில் எதுவும் இல்லை. அவர் பங்கு கேட்டதற்கு நிலத்தின் மேல் ஆசை காரணம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

கம்பெனி எப்படி மூச்சு விட்டது

தனிநபர் வியாபாரம் என்றால் முதலாளியும் வியாபாரமும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள். அவர் இறந்ததைத் தெரிவித்ததும் சி.சி. கணக்கில் (தொழிலுக்கான வங்கிக் கடன் கணக்கு) பணம் எடுப்பது நின்றது. மனைப் பத்திரம் வங்கியில் அடமானம். ஜி.எஸ்.டி. பதிவு பான் எண்ணோடு ஒட்டியது. பான் ஆளோடு ஒட்டியது. வாரிசு தொழிலைத் தொடர வேண்டுமென்றால் தன் பேரில் புதிதாகப் பதிவு எடுக்க வேண்டும்.

இதில் ஒரு நல்ல வேலை நடந்தது. ஆடிட்டர் பழைய பதிவை உடனே ரத்து செய்ய விடவில்லை. பழைய பதிவில் நிற்கும் உள்ளீட்டு வரி வரவை, அதாவது கொள்முதலில் கட்டிய வரிக்கான வரவை, புதிய பதிவுக்கு மாற்ற ஐ.டி.சி.-02 என்ற படிவம் உண்டு. அதை முதலில் போட்டுவிட்டுத்தான் ரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வரிசையை மாற்றிச் செய்து வரவை இழுபறியில் விட்டவர்கள் இருக்கிறார்கள். கூடவே ஒன்று: தொழிலைத் தொடரும் வாரிசு பழைய வரி பாக்கிக்கும் பொறுப்பாளி. பழைய கணக்கைப் பார்க்காமல் தொடரக் கூடாது.

மற்றபடி சின்னவன் பட்டது பாடுதான். சொந்தமாகக் கொட்டை வாங்க முதல் இல்லை. அடுத்த ஊர் வியாபாரியின் கொட்டையைக் கூலிக்கு உடைத்துக் கொடுத்து ஷெட்டை மூடாமல் வைத்திருந்தான். உடைக்கிற பெண்களுக்குக் கிலோ கணக்கில் கூலி. கொட்டை வராத வாரம் கூலியும் இல்லை. கையில் எண்ணெய் படாமல் இருக்கச் சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்துக்கொண்டே, "பாகம் எப்ப முடியும் தம்பி?" என்று அவர்கள் கேட்பார்கள். இந்த வழக்கில் அவர்கள் கட்சிக்காரர்களே இல்லை, நட்டம் மட்டும் அவர்களுக்கும் உண்டு.

பெரியவர் கடன் கொடுத்து எழுதி வாங்கியிருந்த புரோநோட்டுகள் தனிக்கதை. புரோநோட்டுக்கு மூன்று வருடக் கெடு. செத்தவருக்கு வர வேண்டிய கடனைக் கோர்ட் மூலம் வசூலிக்க வாரிசுச் சான்று போதாது, நீதிமன்றம் தரும் இறங்குரிமைச் சான்று வேண்டும். அதற்கு மனுப் போட்டு அலைவதற்குள் இரண்டு நோட்டுகள் காலாவதி. கடன் வாங்கியவர்களில் ஒருவர் தானாகவே கொண்டுவந்து கொடுத்தார். மற்றவர் இப்போது பஸ் ஸ்டாண்டில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

முடிந்த விதம்

2024-ல் பாகப்பிரிவினை எழுதினோம். கம்பெனியும் 30 சென்ட்டும் சின்னவனுக்கு, வங்கிக் கடனோடு. அதற்கு ஈடாக அண்ணனுக்கும் அக்காவுக்கும் மூன்று வருடத் தவணையில் ரொக்கம். தவணை தவறினால் மனை மேலேயே பொறுப்பு என்றும் எழுதினோம். தோப்பில் கிணறு இருக்கிற ஒரு காணி அம்மாவுக்கு, மீதி இரண்டு காணி அண்ணனுக்கும் அக்காவுக்கும். அத்தை பணம் வாங்கிக்கொண்டு விடுதலை எழுதினார். சித்தப்பா பணம் வேண்டாம் என்றார். தோப்புக்குப் பின்னால் இருக்கும் அவர் நிலத்துக்கு வண்டி போக வழி இல்லை, 12 அடி பாதை கேட்டார். முப்பது வருஷமாகத் தன் அண்ணனான பெரியவரிடம் கேட்க முடியாமல் இருந்த பாதை அது. வரைபடம் வைத்துப் பத்திரத்தில் சேர்த்தோம்.

குடும்பத்துக்குள் எழுதும் பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட், விடுதலைப் பத்திரங்களுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் உச்ச வரம்பு உண்டு. 2023 ஜூலை முதல் அது 40,000-மும் 10,000-மும். பாகப்பிரிவினையில் இது பங்கு வாரியாக வரும். 'குடும்பம்' என்பதற்குப் பத்திர ஆபீசில் தனி வரையறை இருக்கிறது. அத்தைக்கும் மருமகனுக்கும் நடுவில் அந்தச் சலுகை கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் போகக் கூடாது. பாட்டி உயிரோடு இருந்தபோதே முடித்திருந்தால் இந்தச் செலவே வந்திருக்காது.

பாகூர் மனைக்குத் தனிப் பத்திரம், தனிக் கட்டணம். அங்கே பழைய மூலப் பத்திரங்கள் பிரெஞ்சில் இருக்கும், மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கும். இந்தக் குடும்பத்துக்கு அங்கேயும் இந்து வாரிசுரிமைச் சட்டம்தான். ஆனால் 1881-ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆணையின் கீழ் சொந்தச் சமயச் சட்டத்தைத் துறந்த 'ரெனோன்சான்' குடும்பங்களின் வழியில் வந்தவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. பிரெஞ்சு சிவில் சட்டம்தான், அதில் பிள்ளைகளுக்குக் கட்டாயப் பங்கு உண்டு, உயிலால்கூட முழுசாகத் தள்ளிவைக்க முடியாது. புதுச்சேரியில் சம்பந்தம் பண்ணியவர்கள், மனை வாங்குகிறவர்கள், விற்பவர் எந்த வழி என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

பெரியவர் உயிரோடு இருந்தபோது என்ன செய்திருக்கலாம்?

இரண்டு சாட்சியோடு அந்த எட்டு வரி. அதுவே முக்கால்வாசி வேலையை முடித்திருக்கும். சாட்சிகள் வயதில் இளையவர்களாக, பங்கு வாங்காதவர்களாக இருப்பது நல்லது. தகராறு வந்தால் அவர்களில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். நோட்டில் எழுதி வைக்கப் பயமாக இருந்தால் உறையில் இட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம்.

அவர் செட்டில்மெண்ட் எழுதத் தயங்கியதற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. 'எழுதிக் குடுத்துட்டு யார் கைய எதிர்பார்த்துச் சோறு திங்கறது' என்று மனைவியிடம் சொன்னாராம். அந்தப் பயம் நியாயமானது. செட்டில்மெண்ட் ஒருமுறை கை மாறினால் எழுதியவர் நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. அதற்குத்தான் 'என் ஆயுள் வரை நானும் என் மனைவியும் அனுபவித்து' என்ற ஷரத்து. 'என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையையும் சேர்த்துவிட்டால், பிள்ளை பார்க்காதபோது 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் போய்ப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம். உச்ச நீதிமன்றம் 2022-ல் அந்த நிபந்தனை இருந்தாக வேண்டும் என்றது. 2025 ஜனவரியில், சட்டத்தின் நோக்கத்தைப் பார்த்துத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. எதற்கும் எழுதி வைத்துவிடுவதே உத்தமம்.

தோப்பை உயிரோடு இருக்கும்போதே மாற்றுவதில் ஒரு சின்ன நட்டமும் உண்டு. விவசாயிகளுக்கு வருடம் 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டத்துக்கு 2019 பிப்ரவரி 1-ஆம் தேதி நில உரிமைதான் அளவுகோல். அதற்குப் பிறகு இறப்பால் வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு. சின்னத் தொகைதான், ஆனால் கிராமத்தில் அதற்காகவே பத்திரத்தைத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கம்பெனிக்குச் சரியான மருந்து கூட்டு வியாபாரம். அதிலும் அப்பாவும் மகனும் இரண்டே பேர் என்றால் பயனில்லை. ஒருவர் போனால் மீதி ஒருவர், ஒருவரை வைத்துக் கூட்டு நிற்காது. அதனால் அம்மாவையும் சேர்த்து மூன்று பேர், பங்காளி ஒருவர் இறந்தாலும் கூட்டு கலையாது என்ற ஷரத்தோடு. 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி அந்த ஷரத்து இல்லாவிட்டால் ஒரு பங்காளி இறந்ததும் கூட்டு கலைந்துவிடும்.

இப்போது சின்னவன் அப்படித்தான் எழுதியிருக்கிறான்: அவன், அவன் மனைவி, அம்மா. ஜி.எஸ்.டி.யும் வங்கிக் கணக்கும் கூட்டின் பேரில் புதிதாக எடுத்தாயிற்று. அம்மா தன் ஒரு காணிக்கும் வீட்டுக்கும் உயில் எழுதிப் பதிவு செய்துவிட்டார். யாருக்கு என்ன என்று என்னைத் தவிர இரண்டு சாட்சிகளுக்கும்கூடத் தெரியாது. சாட்சி பார்க்க வேண்டியது கையெழுத்தைத்தான், உள்ளே இருப்பதை அல்ல. பாகூர் மனையின் பட்டா மாற்றம் மட்டும் இன்னும் பாக்கி.